வெறும் விரல்

ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பழைய போன் கடையில் சாயங்கால வெயில் கண்ணாடிப் பெட்டிக்குள் சாய்ந்து விழுகிறது. ஷிப்டு முடிந்து யூனிஃபார்மோடு வந்த மாதேஸ்வரி, போன வருஷம் ஊரே அலைந்து திரிந்து வாங்கிய அந்த நீலப் போனைக் கண்டு அப்படியே நிற்கிறாள். ஃபாக்டரியில் அவளுடைய லைனில் ஓடிய மாடல். "விலை இவ்ளோ இறங்கிடுச்சே, ஏதாச்சும் கெட்டுப்போச்சாண்ணா?" "ஒண்ணும் கெடலம்மா. புதுசு வந்திருச்சு, பாக்குறவங்க கண்ணு மாறிப்போச்சு," என்று கடைக்காரர் கங்கப்பன் அதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைக்கிறார். இதே போன்கள் ஆயிரமாயிரத்துக்கு அவள் கண்ணாடி பொருத்தியிருக்கிறாள், எல்லாம் கையுறைக்குள்ளிருந்து. இப்போதுதான் வெறும் விரல் படுகிறது. சில்லென்று இருக்கிறது. பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பார்க்கிறாள். திரை பொழுது விடிவதுபோல் வெளுத்து, இனி யார் விரலுக்குத் திறக்கட்டும் என்று அவளிடமே கேட்கிறது.