ஏழாவது யோசனை

“கேள்வி கேட்கணும்னா போன்ல தட்டி அனுப்பணுமா? அப்புறம் வாய் எதுக்குங்க இருக்கு, கொட்டாவி விடவா?”

வரலாற்றுப் பேராசிரியர் கையிலிருந்த தாளை மேஜைமேல் போட்டார். பாடம் நடத்துவதில் தொழில்நுட்பத்தை எப்படிக் கொண்டுவருவது என்று முடிவு செய்யக் கூடிய கூட்டம் அது. கல்லூரி முதல்வரின் அறையில் நான்கே பேர். முதல்வர், வரலாற்றுப் பேராசிரியர், நூலகர், அப்புறம் ஒன்பது யோசனைகளையும் எழுதிக்கொண்டு வந்திருந்த கணக்கு மேடம்.

முதல் ஆறும் மளமளவென்று நிறைவேறிவிட்டன. வகுப்புக்கு வகுப்பு ப்ரொஜெக்டர், பாடங்களைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றுவது, நூலகத்துக்கு மின்னூல்கள் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். ஏழாவதில் வண்டி நின்றுவிட்டது. மாணவர்கள் வகுப்பில் தங்கள் சந்தேகங்களைக் கைபேசியில் எழுதி அனுப்ப வேண்டும். அவை ஆசிரியரின் திரையில் வரும் என்பது அந்த யோசனை.

உண்மையைச் சொன்னால், கணக்கு மேடத்துக்கு வேண்டியது அந்த ஏழாவது மட்டும்தான். மற்ற எட்டும் அதை மூடி மறைப்பதற்காக எழுதியவை. முழுப் பூசணிக்காயை மறைக்க வேண்டுமென்றால் சோறும் கொஞ்சம் தாராளமாகத்தானே வேண்டும்?

ஒன்றரை வருடமாக அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. வலது காது சுத்தமாக அவுட். இடது காது, பேசுகிறவர் முகம் தெரிந்தால் ஏதோ கொஞ்சம் ஒத்துழைக்கும். கருவி வைத்தாலும் பெரிய பலன் இருக்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடலாம். ஐம்பது பேர் இருக்கிற வகுப்பில் எந்த உதடு அசைகிறது என்று எங்கே போய்த் தேடுவது?

போன மாதம் கடைசி வரிசைப் பெண் ஒருத்தி ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் இவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். வகுப்பே கப்சிப் ஆகிவிட்டது. அன்றிலிருந்து அவருக்குச் சரியான தூக்கமில்லை. விஷயம் வெளியே வந்தால் வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு ஏதாவது அலுவலக மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருந்தது. வகுப்பு இல்லாத நாலு வருடத்தை அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

“கூச்சப்படற பசங்க வாய்விட்டுக் கேட்க மாட்டாங்க சார். எழுதி அனுப்பறதுன்னா கேட்பாங்க,” என்றார் கணக்கு மேடம்.

“யாரு, நம்ம பசங்களுக்கா கூச்சம்? ஒரு நாள் கேன்டீன் பக்கம் போய்ப் பாருங்க மேடம். கூரை பிச்சுக்கிட்டுப் போகுது.”

“கேள்வி எல்லாம் எழுத்துல கிடைச்சா தொகுத்து நூலகத்துல வெச்சுக்கலாமே. பரீட்சை நேரத்துல உதவும்,” என்று நூலகர் நடுவில் புகுந்தார். வருடத்துக்கு இரண்டு வாக்கியம் பேசுகிற மனிதர் அவர்.

“உங்களுக்கு என்னங்க, புத்தகம் எதிர்த்துக் கேள்வி கேட்காது. நான் ரெண்டு விரல்ல தட்டறவன். பாடம் நடத்துவேனா, திரையைப் பார்ப்பேனா? மத்த எட்டையும் வெச்சுக்கிட்டு இதை அடிச்சுடுங்க சார்.”

முதல்வர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். கணக்கு மேடத்தின் முகம் சுண்டிப்போயிற்று. மடியில் கனம் இருந்ததால் அழுத்தி வாதாடவும் பயமாக இருந்தது.

“ஒரு ஆறு மாசம் மட்டும் பார்க்கலாமே சார்,” என்றார். தன் குரல் எவ்வளவு உயர்ந்தது என்பது அவருக்கே தெரியவில்லை.

வரலாற்றுப் பேராசிரியர் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“சரி, விடுங்க. மேடம் இவ்வளவு தூரம் கேட்கறாங்க. ஆறு மாசம் என்ன கணக்கு, எல்லா வகுப்புக்கும் நிரந்தரமாவே போட்டுடுங்க. என் வகுப்புக்கும் சேர்த்துத்தான்.”

‘ஒருமனதாக ஏற்கப்பட்டது’ என்று எழுதி முதல்வர் கையெழுத்துப் போட்டார். கடைசி இரண்டு யோசனைகளை யாரும் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

கணக்கு மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து நின்று, “எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எனக்கு... பசங்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவின்னு உங்களுக்குத் தெரியாது,” என்றார்.

“ஒரு திட்டத்துக்குப் போய் இவ்வளவு நன்றியா மேடம்?” முதல்வர் அவருக்கு நேராகத் திரும்பிச் சிரித்தார். “மணி அடிச்சாச்சு. உங்க வகுப்புக்குக் கிளம்புங்க.”

நடைபாதையில் போகும்போது அவருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. யார் யாருக்கோ மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே போனார். வாயைத் திறந்த நூலகருக்கு, கடைசி நேரத்தில் மனமிறங்கிய வரலாற்றுக்கு, உலகத்தில் எங்கேயாவது இருக்கக்கூடிய கூச்ச சுபாவமுள்ள மாணவர்களுக்கு. ஒருவருக்கும் தெரியாமல் தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதியில் அவர் நடை வேகமானது.

இங்கே, முதல்வரின் அறையில், கதவு மூடியதும் வரலாற்றுப் பேராசிரியர் தாடையைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

“அவங்களுக்குப் புரியணுமேன்னு ஒரு மணி நேரமா வாயைத் திறந்து திறந்து பேசி எனக்குத் தாடையே கழண்டுபோச்சு சார். ஒருத்தராவது எதிர்த்தாத்தான் அவங்களுக்குச் சந்தேகம் வராதுன்னு நேத்து சீட்டு குலுக்கினீங்களே, அது என் பேர்லதானா விழணும்? என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில கிடந்த ரெண்டு மாசமும் என் வகுப்பையும் சேர்த்து எடுத்தவங்க அவங்க.”