எட்டி நின்ற தோத்திரம்

"ஜோவிட்டா! தாத்தாவைத் தொடாத! வெளிய வா!"

ஸ்டெபி போட்ட சத்தத்தில் அவள் பிள்ளை வாசற்படியிலேயே நின்றுவிட்டது.

சாயங்காலச் செபமாலை அப்போதுதான் முடிந்திருந்தது. செபம் முடிந்ததும் வீட்டுப் பெரியவர் முன்னால் கைகூப்பி, "தோத்திரம்" சொல்ல வேண்டும். அவர் நெற்றியில் சிலுவை போட்டதும் அந்தக் கையில் ஒரு முத்தி, அதாவது முத்தம், கொடுக்க வேண்டும். தருவைகுளத்துப் பிள்ளைகளுக்கு இது சோறு சாப்பிடுகிற மாதிரி, தினப்படி பழக்கம்.

உள்ளே, கதவுக்கு நேரே நாற்காலியில் இருந்த ரோச் தாத்தாவும் பழக்கத்தில் கையைத் தூக்கிவிட்டார். தூக்கிய கை அப்படியே நின்றது.

பிலோமி இதைப் பார்த்துவிட்டாள். ரோச்சின் மூத்த மகள், ஸ்டெபிக்கு நாத்தனார். வேம்பாரில் இருந்து பஸ் ஏறி, அப்போதுதான் முற்றத்துக்குள் கால் வைத்திருந்தாள்.

"என்னளா ஸ்டெபி, எங்க அப்பாவுக்கு என்ன தொத்துநோயா?"

"வாங்க மைனி. மொதல்ல உக்காருங்க, தண்ணி தாரேன்."

"ஒன் தண்ணி யாருக்கு வேணும்? மறதி நோய் தொட்டா ஒட்டிக்கிடுமா? அந்த மனுஷன் கை எப்படி நிக்கி பாரு!"

"மைனி, நான் சொல்லுதத..."

"தெரு முனையிலயே உங்க பக்கத்து வீட்டு முத்துச்செல்வி சொன்னா. நேத்தும் பிள்ளைய அண்ட விடலியாம். சாப்பாட்டைக்கூட நீ மாஸ்க் போட்டுட்டுத்தான் கொண்டு வைக்கியாம். நான் நம்பல. இப்பக் கண்ணால பாத்துட்டேன்."

"ஆமா மைனி, மாஸ்க் போட்டுத்தான் வைக்கேன்."

"ஒத்துக்கிடுத தைரியத்தப் பாரு! என் தம்பி ஜெனிஸ் எங்க?"

"ஹார்பர்ல டூட்டி. வரதுக்கு நேரமாகும்."

"வந்தா சொல்லிரு, அப்பாவை அக்கா கடைசி பஸ்சுல வேம்பாருக்குக் கூட்டிட்டுப் போயிட்டான்னு. எங்க வீட்ல அவரத் தொடுததுக்கு ஆள் இருக்கு."

அந்த நேரம் பார்த்து ஜோவிட்டா 'ஸ்ர்ர்ர்' என்று மூக்கை உறிஞ்சினாள்.

ஸ்டெபிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கேட்டீங்களா மைனி? அதுதான் விஷயம். ஒட்டுற நோய் உங்க அப்பாவுக்கு இல்ல. உங்க மருமவளுக்கு."

"என்னளா உளறுத?"

"பால்வாடியில இருந்து சளிய வாங்கிட்டு வந்திருக்கா. நான் பிள்ளைய மாமாட்ட இருந்து காப்பாத்தல. மாமாவத்தான் பிள்ளைட்ட இருந்து காப்பாத்துதேன். பிள்ளையத் தூக்குத நான் மாஸ்க் போடுததும் அதுக்குத்தான்."

பிலோமி அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள்.

"தூத்துக்குடி டாக்டரு எனக்குப் புரியுத மாதிரி சொன்னாரு. மூளைக்குள்ளயே காவக்கார அணுக்கள் இருக்காம். பொறக்கும்போதே நம்ம கூட வந்துருமாம். குப்பைய அள்ளுததும், வார கிருமிய அடிச்சு வெரட்டுததும்தான் அதுக்க வேலை."

"நல்லதுதான?"

"நல்லதுதான். ஆனா இந்த நோய் இருக்கவங்களுக்கு அது ஏற்கெனவே உர்ருன்னு நிக்குமாம், கட்டிப்போட்ட நாய் மாதிரி. ஒடம்புல ஒரு சளி, காய்ச்சல் வந்துட்டாப் போதும், வெறி ஏறிருமாம். கள்ளன் யாரு, வீட்டு ஆளு யாருன்னு பாக்காது. நல்ல நரம்பையும் சேத்துக் கடிச்சு வச்சிரும்."

"ஏளா, நீ என்னையச் சொல்லலியே?"

"ஐயோ, மூளையச் சொல்லுதேன் மைனி!"

பிலோமிக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள்.

"போன கிறிஸ்மஸுக்கு முன்னாடி மாமாவுக்குச் சளிக்காய்ச்சல் வந்துச்சுல்லா? காய்ச்சல் போயிட்டு. போகும்போது உங்க பேரையும் சேத்துக் கொண்டுட்டுப் போயிட்டு."

அதற்கப்புறம் ஒவ்வொரு முறை போன் போடும்போதும் அப்பா "யாரும்மா நீ?" என்று கேட்பது பிலோமிக்குத்தானே தெரியும்.

"இப்ப மாமாவுக்கு நெனவுல இருக்கது ஒரே ஒரு பேருதான். இந்தச் சளி அதையும் கொண்டுட்டுப் போயிரக் கூடாது மைனி."

உள்ளே இருந்து குரல் வந்தது. "ஏளா ஜோவிட்டா! தோத்திரம் சொல்லாம எங்க போன?"

"இந்தா வெளிய முத்தத்துல நிக்கேன் தாத்தா! தோத்திரம்!"

ரோச் தாத்தா இருந்த இடத்தில் இருந்தே காற்றில் சிலுவை போட்டார். வலை வீசிப் பழகிய கை. சிலுவையும் முற்றம் முழுக்க விழுகிற மாதிரி பெரிசாகத்தான் வந்தது. பிள்ளை உள்ளங்கையில் ஒரு முத்தி வைத்து 'ப்ஃபூ' என்று ஊதிவிட்டது. தாத்தா அதை எட்டிப் பிடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஸ்டெபி கைதட்டிச் சிரித்தாள். "ரெண்டு நாளா இதான் மைனி நடக்கு. நீங்க சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டு உள்ள போங்க. நீங்க தாராளமாத் தொடலாம்."

பிலோமி வாசல் வரைக்கும் வேகமாகப் போனாள். படியில் ஒரு காலை வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து ஜோவிட்டாவுக்கும் ஓரடி தள்ளி முற்றத்தில் நின்றுகொண்டாள்.

ஸ்டெபிக்குச் சுருக்கென்றது.

"கோவம் இன்னும் தீரலியா மைனி? என்னைய அம்புட்டுப் பேசிட்டு, இப்ப நீங்களே அப்பா பக்கத்துல போகாம நிக்கீங்க?"

பிலோமி வாசலைப் பார்த்துக் கைகூப்பி, "அப்பா, தோத்திரம்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். யாரென்று தெரியாமலேயே அவளுக்கும் பெரிசாக ஒரு சிலுவை வந்தது.

அதை வாங்கிக்கொண்டு, சேலை முந்தானையால் வாயையும் மூக்கையும் பொத்தியபடி பிலோமி சொன்னாள்:

"கோவமெல்லாம் இல்லளா. காலையில இருந்தே எனக்குத் தொண்டை கரகரன்னு கெடக்கு. மாத்திரையப் போட்டு அமுக்கிட்டுல்லா பஸ் ஏறுனேன்!"