அட்மின் தடுத்த அருவி

“அண்ணாச்சி, இடுப்புத் துண்டோட நிக்கிற படத்தையெல்லாம் குரூப்ல விட முடியாது. பொம்பளப் பிள்ளைய இருக்கிற இடம்.”

சந்தனமாரி ஜெராக்ஸ் மிஷினிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்ற பெஞ்சமினுக்குச் சுருக்கென்றது.

“அருவியில துண்டு கட்டாம, கோட்டு சூட்டு போட்டா குளிப்பாங்க?”

“குளிங்க. யாரு வேண்டாங்கா? அந்தத் தொந்தியப் படம் பிடிச்சு ஏன் அனுப்புதீங்க?”

தென்காசியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சந்தனமாரிதான் ‘குற்றாலம் இன்று’ என்ற முகநூல் குழுவின் தலைமை அட்மின். அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று அதில் பார்த்துவிட்டுப் பெட்டி கட்டுகிறவர்கள் ஊர் ஊராக நாற்பதாயிரம் பேர் இருந்தார்கள். அவள் விரல் வைத்தால்தான் ஒரு படம் உள்ளே போகும். அந்த விரலுக்கு இப்போதெல்லாம் கலெக்டர் கையெழுத்தை விட மரியாதை அதிகம்.

குற்றாலத்தில் எட்டு அறையுள்ள லாட்ஜ் நடத்தும் பெஞ்சமினுக்கு வருஷம் முழுக்கச் சோறு போடுவது இந்த மூன்று மாதச் சீசன்தான். இந்த முறை ஆனி பிறந்தும் சாரலைக் காணோம். சுண்ணாம்பு அடித்து, புது மெத்தை விரித்த எட்டு அறையும் பூட்டிக் கிடந்தன. நேற்று மலையில் மழை வெளுத்து வாங்கியது. காலையில் மெயின் அருவி கொட்டிய கொட்டில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. குளித்துவிட்டு, வரிசையாகப் படம் எடுத்து அனுப்பினார். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. பொறுக்க முடியாமல் ஈரத் துண்டும் தோளுமாக பைக்கை எடுத்துக்கொண்டு தென்காசிக்கே வந்துவிட்டார்.

“சரிம்மா, துண்டு தப்புன்னே வச்சுக்கிடுவோம். மொத அனுப்புன படத்த ஏன் தள்ளுன?”

“ஓரத்துல மூணு பொம்பளைய தல துவட்டிட்டு நிக்காங்க. அவங்ககிட்ட கேட்டா எடுத்தீங்க?”

“ரெண்டாவது படத்துல ஒரு ஈ காக்கா கிடையாதே!”

“அதான் அண்ணாச்சி சந்தேகமே. மெயின் அருவியில ஆளே இல்லாம ஒரு படம்னா, அத கம்ப்யூட்டருதான் வரஞ்சிருக்கணும். இப்பம்லாம் ரெண்டு வார்த்த சொன்னாப் போதும், அது நயாகராவையே தென்காசி பஸ் ஸ்டாண்டுல கொண்டாந்து கொட்டிரும்.”

“அதுக்குத்தான மூணாவது படத்துல இன்னைக்குப் பேப்பரக் கையில பிடிச்சிருக்கேன்!”

சந்தனமாரி போனில் அந்தப் படத்தை விரல்களால் விரித்துப் பார்த்தாள். “அருவிக்குக் கீழ நிக்கீங்க, பேப்பரு மட்டும் மொறுமொறுன்னு இருக்கே?”

பெஞ்சமினுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, கவுன்ட்டர் மேலேயே ஒரு முறுக்கு முறுக்கினார். “இந்தா, இது அருவித் தண்ணி. மோந்து பாரு! மூலிகை வாசம் வருதா, இல்லையா?”

“ஐயோ, பத்திரம் நனையுது! சோப்பு வாசம்தான் வருது அண்ணாச்சி.” அவள் தாள்களை அள்ளி ஒதுக்கிவிட்டு, மிஷினைத் திறந்து மை நிரப்ப ஆரம்பித்தாள். “உங்களுக்குன்னு தனிச் சட்டம் இல்ல. காலையில இருந்து யாரு அனுப்புனாலும் நிறுத்திதான் வச்சிருக்கேன். போன வருஷம் பாறை காஞ்சு கெடக்கும்போது, மெயின் அருவி ஆர்ச் வளைவுக்கு மேல வெள்ளம் போற பழைய படத்தப் போட்டது யாரு? கோயம்புத்தூர்ல இருந்து வேன் பிடிச்சு வந்தவங்க என்னையல்லா ஏசுனாங்க!”

பெஞ்சமினின் முகம் தொங்கிப் போனது. செய்ததற்கு இப்போது அனுபவிக்கிறோம் என்று மனசார நினைத்தார். அந்த ஒரு படத்தால்தான் இத்தனை சட்டமும் வந்தது. ஊரில் இந்தப் பெண் ஒருத்தியாவது நேர்மையாக இருக்கிறாளே, அவளிடம் போய் மல்லுக்கட்டுகிறோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

“தப்புதாம்மா. அன்னைக்கு எனக்குப் புத்தி மழுங்கிப் போச்சு. ஆனா இன்னைக்கு நெசமாவே தண்ணி விழுது. நாளைக்கே மழ நின்னா இதுவும் நின்னுரும். இந்த வாரமாவது ரூம்ல விளக்கு எரியணும். அண்ணன் கையெடுத்துக் கும்பிடுதேன்.”

சொன்னபடியே இரண்டு கையையும் கூப்பினார். சந்தனமாரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் இளகியது போலிருந்தது. அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. கை முழுக்க மிஷின் மை. முழங்கையால் ஒரு தட்டுத் தட்டியதில் ஸ்பீக்கர் விழித்துக்கொள்ள, கடை முழுக்கக் கேட்டது பெஞ்சமினின் மனைவி ரூபியின் குரல்.

“ஏட்டி மாரி, எங்க வீட்டுக்காரரு ஈரத் துண்டோட அங்கனதான் வாராரு, அழுதாலும் படத்த விட்டுராத! தண்ணி விழுதுன்னு தெரிஞ்சா உன் நாத்தனாரு குடும்பம் சாயந்திரமே மெட்ராஸ்ல ரயில் ஏறிரும், இவரு தங்கச்சிமாரு மூணு பேரும் பிள்ளகுட்டியோட வந்து எட்டு ரூமையும் ஓசியில அடச்சிருவாளுவ, பொறவு சீசன் பூரா நமக்கு அடுப்படிதான். நாளைக்குக் காலையில நம்ம அட்மின் அஞ்சு பேரும் ஆற அமரக் குளிச்சு முடிச்சிருவோம், அதுக்கு அப்புறமா குரூப்ல தண்ணி விழட்டும்!”