ஊசி போடாத கோமதியம்மாள்

"எனக்கு ஊசி வேண்டாம் சார். கடையை மூடணும்னா மூடிக்கோங்க."

இட்லிக் கொப்பரையை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுத்தான் கோமதியம்மாள் இதைச் சொன்னாள்.

சானிட்டரி இன்ஸ்பெக்டர் சங்கரபாண்டிக்கு முகம் சிவந்துவிட்டது. குற்றாலத்தில் சாரல் சீசன். கிழக்கே நாலைந்து ஊர்களில் காலரா. சாப்பாட்டுக் கடை, பழக்கடை, டீக்கடை என்று வைத்திருக்கிற அத்தனை பேரும் தடுப்பூசி போட்டே ஆகணும் என்று உத்தரவு. பஸ் ஸ்டாண்டிலிருந்து அருவிக்கரை வரை எல்லோரும் கையை நீட்டியாயிற்று. இவள் ஒருத்திதான் மாட்டேன் என்கிறாள்.

"ஏம்மா, ஊசின்னா பயமா?"

"நாலு பிள்ளை பெத்தவளுக்கு ஊசிதான் பயமா சார்?"

"பின்ன என்ன?"

"அது வந்து சார், உங்க லிஸ்டுல..."

"காரணமெல்லாம் கேட்டுக்கிட்டு நிக்க எனக்கு நேரமில்ல. போடுதியா, இல்லையா?"

"போடல."

கடைக்குப் பூட்டு விழுந்தது.

"சுத்தம்னா என்னன்னே தெரியாத சென்மம். இவளால ஊருக்கே சீக்கு வரப்போவுது" என்று எதிர்க்கடை நமசிவாயம் அண்ணாச்சி வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். கோமதியம்மாள் கடைக்கு வந்த கூட்டம் அவர் கடைக்குப் போனது.

கோமதியம்மாள் பூட்டின கதவுக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். போகிறவர்கள் சிரித்தார்கள். அவளும் அவர்களை நேருக்கு நேர் பார்த்தாள்.

மூணாம் நாள் மகள் கல்யாணசுந்தரிக்குப் பொறுக்கவில்லை.

"எம்மா, சீசனே ரெண்டு மாசந்தான். இதை விட்டா வருசம் பூரா என்ன செய்ய? ஒரு ஊசிதானே, போட்டுத் தொலைச்சா என்ன?"

"ஒரு ஊசிதான்ட்டி. அதைத்தான் நானும் சொல்லுதேன்."

நாலாம் நாள் காலையில் சங்கரபாண்டியே தேடி வந்தார். கூடவே கம்பவுண்டர். குரல் இறங்கியிருந்தது.

"மேலதிகாரி வருதாரும்மா. லிஸ்டுல உன் பேரு ஒண்ணுதான் பாக்கி. ஒரு ஆளுக்கான மருந்துதான் மிச்சம் இருக்கு, உனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன். கையை நீட்டு. இப்பமே கடையைத் திறந்து விடுதேன்."

"தங்கபுஷ்பத்துக்குப் போட்டாச்சா சார்?"

சங்கரபாண்டி லிஸ்டை மேலிருந்து கீழே பார்த்தார். திருப்பியும் பார்த்தார்.

"அப்படி ஒரு பேரே இல்லையே. எங்கன கடை வச்சிருக்கா?"

"கடையெல்லாம் இல்ல. அவள மாதிரி இன்னும் பதினோரு பேரு இருக்காங்க. ஒருத்தருக்கும் போடல."

"யாவாரம் பண்ணாதவங்களுக்கு இப்ப என்ன அவசரம்? யாரும்மா இவங்கள்லாம்?"

கோமதியம்மாள் எழுந்தாள். தெருமுனையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏட்டி தங்கபுஷ்பம், இங்கன வா."

ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாள். வேடிக்கை பார்க்க வந்து நின்ற நமசிவாயம் சட்டென்று ரெண்டடி பின்னால் நகர்ந்தார். கோமதியம்மாள் அவள் கையைப் பிடித்துக் கம்பவுண்டர் முன்னால் நீட்டினாள்.

"எனக்குன்னு வச்ச மருந்தை இவளுக்குப் போடுங்க. மிச்சம் பதினோரு பேருக்கும் கொண்டாந்து போட்டுட்டு அப்புறமா எங்கிட்ட வாங்க. அதுவரைக்கும் கடை பூட்டியே கிடக்கட்டும்."

"அதான் யாருன்னு கேக்குதேன்."

"நாலு வருசமா பாக்குதீங்க, தெரியலையா சார்? உங்க ஆபீசுல இருந்து இந்த அண்ணாச்சி வீடு வரைக்கும் எடுப்புக் கக்கூசு பூரா இவதான் அள்ளுதா. காலரா வந்தா மொதல்ல யாரு கைக்கு சார் வரும்?"