கால்மாட்டுப் போர்வை

பனியைக் காட்டிப் பிழைக்கிற மலையூர் அது. கோடை வந்தால் விடுதிக் கட்டில்களின் வெள்ளைப் போர்வைகளையெல்லாம் உச்சிப் பனிமேல் போர்த்திவிடுவார்கள். குளிர்கால சீசன்வரை உருகாமல் கிடக்க வேண்டுமே. ஆனாலும் நாளுக்கு நாள் போர்வைகள் தாழ்ந்துகொண்டே போயின.

இன்று ஆக்னஸ் போர்த்திய பக்கத்தில் ஓரிடம் மட்டும் தாழவில்லை. ஆள் நீளத்துக்கு மேடாக நின்றது. சென்ற குளிர்காலத்தில் மலையேறிகளுக்கு வழிகாட்டியாக இந்தப் பனியில் போன அவள் புருஷன் இன்னும் திரும்பவில்லை.

"பாறையாத்தான் இருக்கும், பிரிச்சுப் பாக்காதம்மா," என்றார் மேஸ்திரி பெனடிக்ட். "ஊர் பொழப்பே இதுலதான் இருக்கு."

ஆக்னஸ் குனிந்தாள். ஒரு முனையில் போர்வை விலகியிருந்தது. கால் சில்லிட்டால் புருஷனுக்குத் தூக்கமே வராது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, இழுத்துக் கால்மாட்டில் செருகினாள்.

"இன்னும் ஒரு போர்வை இருக்குமா?" என்று கேட்டாள்.