அண்ணன் போட்டுப் போன சட்டை

மந்திரமூர்த்தியை முதன்முதலில் வஞ்சித்தது வேறு யாருமில்லை, கூடப் பிறந்த அண்ணன் கோமதிசங்கர்தான்.

அப்பாவுக்குக் கொழும்பில் மளிகைக் கடை. இரண்டு பையன்களில் ஒருவனைக் கூட்டிப் போய்ப் படிக்க வைப்பதாகச் சொன்னார். வீட்டில் வெளியூருக்குப் போட்டுப் போகிற மாதிரி இருந்தது ஒரே ஒரு சட்டை. அது தம்பியின் சட்டை. விடிவதற்குள் அண்ணன் அதை மாட்டிக்கொண்டு, அப்பாவோடு தென்காசி ஸ்டேஷனுக்குப் போய்விட்டான்.

அறுபது வருஷம் ஆகப்போகிறது. மந்திரமூர்த்தி இன்னும் மறக்கவில்லை. அவர் மனைவி ஆவுடைத்தாய் கல்யாணமான நாளிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"அந்த ஊரு கவர்மெண்டு, காலேஜ் முடியிற வரைக்கும் அவனைத் துட்டு வாங்காம சும்மா படிக்க வச்சுது. இங்கன நான் புத்தகம் வாங்க வக்கில்லாம, அஞ்சாம் வகுப்போட பாவூர்சத்திரம் சந்தையில மூட்டை தூக்கப் போனேன்."

மூட்டை தூக்கித்தான் பிறகு சொந்தமாக டெம்போ வாங்கினார். ஆனாலும் ஆறவில்லை.

குற்றாலத்துச் சாரல் அவர்கள் இருக்கும் குத்துக்கல்வலசை வரைக்கும் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் போன் வந்தது.

"கேக்கேளா, கொழும்புல இருந்து உங்க அண்ணன் பேசுதாக."

"நான் செத்துட்டேன்னு சொல்லு."

ஆவுடைத்தாயே பேசிவிட்டு வந்தாள். முகம் வாடியிருந்தது.

"அங்கன தாளுக்கே பஞ்சமாம். பள்ளிக்கூடத்துல பரீட்சையைக்கூடத் தள்ளி வச்சுட்டாகளாம். அவுக பேத்தி சண்முகப்பிரியாவுக்கு இது பெரிய பரீட்சை. எழுதுன நோட்டையே ரப்பர் வச்சு அழிச்சு அழிச்சு எழுதுதாளாம். கடையநல்லூர் பரீது அடுத்த வாரம் அங்க போறான்லா, அவன்கிட்ட கொஞ்சம் நோட்டு குடுத்து விட முடியுமான்னு கேக்காக."

மந்திரமூர்த்தி சத்தம் போட்டுச் சிரித்தார்.

"பாத்தியாட்டி, காலத்தை! அன்னிக்கு அங்க எல்லாம் சும்மா. இங்கன சிலேட்டுக்குச்சிக்கு வழியில்ல. இன்னிக்கு நம்ம பேத்திக்கு நம்ம கவர்மெண்டு புத்தகம் குடுக்கு, பை குடுக்கு, சைக்கிள் குடுக்கு. அங்க எழுதத் தாளு இல்ல. எந்த நாடு படிப்புக்கு எம்புட்டு செலவழிச்சுதுன்னு இப்ப உக்காந்து கணக்குப் பாக்கட்டும், படிச்ச மனுஷன்!"

"அதுக்குச் சின்னப் புள்ள என்ன செய்யும்?"

"முதல்ல என் சட்டையைத் திருப்பிக் குடுக்கச் சொல்லு. பெறவு நோட்டைப் பத்திப் பேசலாம்."

குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆவுடைத்தாய்க்கு இருப்புக்கொள்ளவில்லை. இப்படியும் ஒரு மனுஷனுக்கு நெஞ்சு கல்லாய்ப் போகுமா? மறுநாள் அவளே கடைக்குப் போய் நோட்டு வாங்கினாள். கட்டைப்பையில் போட்டு, மேலே ஒரு துண்டால் மூடி, கடையநல்லூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பரீது மாதம் ஒருதரம் மதுரையிலிருந்து விமானம் ஏறி, கொழும்பில் கைலி விற்கிறவன்.

"பரீது, இதைக் கொழும்புல நம்ம வீட்டுல சேத்துருய்யா. உங்க அண்ணாச்சிக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

பரீது பைக்குள் எட்டிப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"இடமில்லையே மதினி. விமானத்துல இம்புட்டு எடைதான்னு இருக்குல்லா. இந்தத் தடவை கைலியையே முக்கால்வாசி எறக்கி வச்சுட்டேன்."

"யாவாரத்துக்குப் போறவன் கைலியை எறக்கிட்டு என்னத்தைய்யா ஏத்துன?"

பரீது மூலையில் இருந்த பெட்டியைத் திறந்து காட்டினான். கட்டுக் கட்டாகப் புது நோட்டு. ஒரு வகுப்புக்கே போதும்.

"யாரு குடுத்தது?"

"நேத்து சாயங்காலம் குடையை நோட்டுக்கட்டுக்குப் பிடிச்சுக்கிட்டு, நனைஞ்சுகிட்டே வந்து எறக்கிட்டுப் போனாக. பேரைச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக."

"சண்முகப்பிரியா கேட்டா என்ன சொல்லுவே?"

பரீது சிரித்தான்.

"'சட்டை இன்னும் வரலை'ன்னு அவ தாத்தாகிட்ட சொல்லு, அது போதும்னாக."