வெர்னாவின் கைப்பக்குவம்

"மாவா பூசியிருக்கே? சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி இருக்கு. தள்ளு!"

முழங்கையாலேயே சார்லீனை அடுப்படியிலிருந்து ஒதுக்கினாள் வெர்னா. மாட்டிறைச்சியை மாவில் புரட்டிப் பொரிப்பதில் டெக்சஸ் முழுக்கத் தேடினாலும் தனக்கு நிகரில்லை என்பது அவள் நினைப்பு.

"ஆசைப்பட்டா உங்களைக் கூப்பிட்டேன்?" சார்லீன் பல்லைக் கடித்தாள். "ஞாயித்துக்கிழமை ஆனா டெல்பர்ட் தட்டைத் தள்ளிடறார். உங்க கைப்பக்குவம் எனக்கு வராதாம்."

"எப்படிடீ வரும்? பதினெட்டு வருஷம் அவனுக்கு ஆக்கிப் போட்ட கை இது!"

இறைச்சியை நைய அடித்து, மோரில் முக்கி, மாவில் புரட்டி, பொன்னிறமாகப் பொரித்தெடுத்தாள். சட்டியில் மிஞ்சிய கொழுப்பிலேயே மாவை வறுத்துப் பாலூற்றி, மிளகு தூக்கலாகக் கிரேவி கிண்டினாள்.

வாசலில் டெல்பர்ட்டின் வண்டிச் சத்தம் கேட்டது.

"நான் செஞ்சேன்னு சொல்லாதே. அவன் புகழறதை என் காதால கேக்கணும். உன் மூஞ்சி போற போக்கையும் பாக்கணும்" என்று சாமான் அறைக்குள் புகுந்துகொண்டாள் வெர்னா.

டெல்பர்ட் ஒரு வாய் தின்றான். தட்டைத் தள்ளினான்.

"ரெண்டாவதா உன்னைக் கட்டி என்ன பிரயோஜனம், சார்லீன்? என் முதல் பொண்டாட்டி கை ருசி வரவே இல்லையே!"

சாமான் அறையில் வெர்னாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவளோடு குடும்பம் நடத்திய பதினெட்டு வருஷமும், "எங்கம்மா கை ருசி வரலையே!" என்று தட்டைத் தள்ளிய அதே வாய்!

கதவு படாரென்று திறந்தது.

"சார்லீன், இவனை அவங்கம்மாகிட்டயே அனுப்புடி. அங்க போய்த் தின்னட்டும்!"

சார்லீன் அதற்குள் வண்டிச் சாவியை அவன் முன்னால் நீட்டியிருந்தாள்.